அணைந்த உலையின் இரும்பு

பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரத்துப் பல்கலைக்கழகம் மாணவர் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் என்று ஓர் அணு உலையை வைத்திருந்தது. அதன் வெப்பத் திறன் 100 கிலோவாட். நம் சாலையில் ஓடும் பேருந்தின் இன்ஜினைவிடக் குறைவு. 1960-களின் பிற்பகுதியில் இயங்கத் தொடங்கிய அந்த உலை 1997 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அதைக் கழற்றிக் கலைப்பதற்கான அரசாணை 2006 பிப்ரவரியில்தான் வந்தது. அணு நிலையங்களின் அரசுப் பட்டியலிலிருந்து அதன் பெயர் நீங்கியது 2012-இல். முப்பது ஆண்டு ஓடிய ஒரு சிறு உலையை ஒழுங்காக முடித்துவைக்க, பணமும் நிபுணர்களும் சட்டமும் உள்ள நாட்டுக்கே பதினைந்து ஆண்டு பிடித்திருக்கிறது. உலகில் இதுவரை கட்டப்பட்ட ஆய்வு உலைகள் 800-க்கும் மேல். இன்று இயங்குபவை சுமார் 220. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே மூடப்பட்டவை, அவற்றில் பல பல்கலைக்கழக வளாகங்களுக்குள் இருந்தவை. எனவே ஆய்வு உலையைக் கலைப்பது எங்கோ எப்போதோ நடக்கும் அரிய சம்பவம் என்று ஒதுக்கிவிட முடியாது. கலைக்கும்போது சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அந்தக் கணக்கை மக்கள் முன் வைக்கும் கடமை சட்டத்தில் இருக்க வேண்டும்; அந்தக் கணக்கு வளாகத்தின் மதிற்சுவரோடு நின்றுவிடாமல், உலையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு பொருளும் போய்ச் சேரும் இடம் வரை பின்தொடர வேண்டும் என்பதே இங்கே வைக்கும் வாதம்.

அந்தக் கடைசி இடம் எது என்று யோசித்தால் சேதராப்பட்டு போன்ற ஊர்கள் நினைவுக்கு வருவது இயல்பு. புதுச்சேரிக்கு வடமேற்கே மயிலம் சாலையில் உள்ள இந்த ஊரைப் புதுச்சேரி அரசின் பிப்டிக் நிறுவனம் அமைத்த தொழிற்பேட்டையும் அதையொட்டி வளர்ந்த உலோக ஆலைகளும் மாற்றியமைத்துவிட்டன. பழைய இரும்பு லாரி லாரியாக வந்திறங்கி, உருகி, கம்பியாகவும் வார்ப்பாகவும் மறுபடி வெளியே போவது இத்தகைய தொழிற்பேட்டைகளின் அன்றாடம். சற்றுத் தெற்கே ஊசுட்டேரி. புதுச்சேரி அரசு 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த அந்த ஏரியின் ஒரு பாதி தமிழ்நாட்டுக்குச் சொந்தம். வயலுக்கு வயல் எல்லை மாறும் புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனுக்கும் தமிழ்நாட்டின் வானூர் வட்டத்துக்கும் இடையில் ஒரு லாரி அரை மணி நேரத்தில் இரண்டு அரசுகளின் நிலத்தை மாறி மாறிக் கடந்துவிடும். அணு உலைகள் உள்ள கல்பாக்கம் இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே நூறு கிலோமீட்டர் சுற்றுக்குள் இருக்கிறது. ஆனால் என் கவலை கல்பாக்கத்தின் தொலைவைப் பற்றியதல்ல. அணுப்பொருள் தொட்ட உலோகம் எங்கிருந்து கிளம்பினாலும், காவல் தவறினால் அது வந்து சேரும் முகவரி இத்தகைய ஊர்தான். மதிப்பீடு எழுதுபவரின் வரைபடத்திலோ இந்த ஊர் இருப்பதே இல்லை.

மூடிய உலைக்குள் என்ன மிஞ்சுகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். முதலில் எரிபொருள் வெளியேறும். கதிரியக்கத்தின் மிகப் பெரும்பகுதி அதோடு போய்விடும். மீதி இருப்பது உலையைச் சுற்றிய கான்கிரீட்டிலும் எஃகிலும் அலுமினியத் தொட்டியிலும் கிராஃபைட்டிலும் ஊறிய கதிரியக்கம். எஃகில் துளியளவு கலந்திருக்கும் கோபால்ட், நியூட்ரான்களை வாங்கி கோபால்ட்-60 ஆகிறது. கான்கிரீட்டில் போட்ட ஜல்லியில் இயற்கையாகவே இருக்கும் யூரோப்பியம் யூரோப்பியம்-152 ஆகிறது. சுவரில் இது எவ்வளவு ஆழம் ஊடுருவியிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. வைரப்பல் பதித்த துளைப்பானால் சுவரிலிருந்து உருளை வடிவில் கான்கிரீட்டை உருவி, அதை வட்டு வட்டாக நறுக்கி, ஒவ்வொரு வட்டையும் தனித்தனியே அளவைக் கருவியில் வைப்பார்கள். எத்தனையாவது வட்டில் அளவு இயற்கையின் அளவுக்கு இறங்குகிறதோ அதுவரை சுவரைச் சீவி எடுக்க வேண்டும். அறுக்கும் போது சூடு தணிய ஊற்றும் தண்ணீர் சேறாக வழியும். அந்தச் சேறும் கதிரியக்கக் கழிவுதான். அறுவைத் தூசு காற்றில் கலக்காமல் வடிகட்டிகள் பிடிக்க வேண்டும். வடிகட்டிகளும் பிறகு கழிவாகும். தரைக்கடியில் போகும் வடிகால் குழாய் முப்பது ஆண்டில் எங்கேனும் கசிந்திருந்தால் கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியம் நிலத்தடி நீருக்குப் போயிருக்கும். இவை தவிர, கதிர்த் தடுப்புக்கு அடுக்கிய ஈயக் கட்டிகளும் அந்தக் காலக் கட்டடங்களுக்கே உரிய கல்நாரும் உண்டு. ஈயக் கட்டிக்குச் சந்தையில் நல்ல விலை கிடைக்கும்; அதை உருக்கும் கூடத்தில் நிற்பவரின் ரத்தத்தில் அது ஏறும். கதிர்வீச்சை மட்டும் அளக்கும் பாதுகாப்பு ஆய்வின் கண்ணில் ஈயமும் கல்நாரும் படுவதில்லை. சுற்றுச்சூழல் மதிப்பீடு தனியாகத் தேவை என்பதற்கு இதுவே முதல் காரணம்.

கறாராகச் சொன்னால் இந்தியாவில் பல்கலைக்கழகமே நடத்தும் அணு உலை கிடையாது. நம் உலைகள் அணுசக்தித் துறையின் வேலிக்குள் இருக்கின்றன. ஆனால் ஹோமி பாபா தேசிய நிறுவனம் 2005-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக ஆனபோது மும்பை டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையமும் கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் அதன் உறுப்பு நிறுவனங்களாயின. அந்த அளவில் கல்பாக்கத்தின் காமினி உலை பல்கலைக்கழக உலைக்கு மிக அருகில் வருகிறது. 1996-இல் இயங்கத் தொடங்கிய காமினியின் திறன் 30 கிலோவாட், எரிபொருள் யுரேனியம்-233. டிராம்பேயில் மூடிய உலைகளின் வரலாறும் நமக்கு இருக்கிறது. ஆசியாவின் முதல் உலைகளில் ஒன்றான அப்சரா 1956 ஆகஸ்டில் தொடங்கி 2009-இல் நின்றது. அதே இடத்தில் மேம்படுத்திய உலை 2018 செப்டம்பரில் இயங்கத் தொடங்கியது. ஜெர்லினா 1961 முதல் 1983 வரை இருந்து கலைக்கப்பட்டது. கனடாவின் உதவியோடு கட்டிய 40 மெகாவாட் சைரஸ், அமெரிக்காவுடனான அணு ஒப்பந்தத்தையொட்டி, சிவில் உலைகளையும் ராணுவ உலைகளையும் பிரிக்கும் திட்டப்படி 2010 டிசம்பர் 31 அன்று நிரந்தரமாக மூடப்பட்டது. ஆக, ஆய்வு உலையை மூடுவது எப்படி என்பது இந்திய விஞ்ஞானிகளுக்குத் தெரியாத வித்தை அல்ல. அந்த வேலையின் சுற்றுச்சூழல் கணக்கு பொதுவெளிக்கு வருவதைக் கட்டாயமாக்கும் சட்டம்தான் இல்லை.

வேலியைத் தாண்டினால், உண்மையான பல்கலைக்கழகம் ஒன்றில் என்ன நடந்தது என்பதற்கு டெல்லி சாட்சி. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் கனடாவிலிருந்து வாங்கிய காமாசெல் என்ற கதிர்வீச்சுக் கருவி இருந்தது. உலை இல்லை; உள்ளே கோபால்ட்-60 ஊசிகள் அடங்கிய ஈயப் பெட்டி, அவ்வளவே. 1985-க்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. 2010 பிப்ரவரியில் வேண்டாத சாமான்களோடு சேர்த்து ஏலம் போட்டார்கள். டெல்லியிலேயே உள்ள மாயாபுரியின் காயலான் கடைக்குப் போன அந்தக் கருவியை உடைத்துப் பிரித்தார்கள். ஏப்ரலில் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஏழு பேர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். அணு விபத்துகளுக்கான சர்வதேச அளவுகோலில் அது நான்காம் நிலை விபத்து. கோபால்ட்-60-இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. சும்மா கிடந்த 25 ஆண்டில் அதன் வீரியம் ஏறத்தாழ 27-இல் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. அப்படியும் அது ஓர் உயிரை எடுத்தது. ஒரு பெட்டியின் முடிவைக் கணக்கில் வைக்கத் தவறினாலே இந்த விளைவு என்றால், நூற்றுக்கணக்கான டன் கான்கிரீட்டும் எஃகும் கொண்ட உலையின் முடிவை நிர்வாகத்தின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி விட்டுவிடலாமா? பிரேசிலின் கோயானியா நகரில் 1987-இல் இதற்கு முன்பே உலகம் இந்தப் பாடத்தைப் படித்தது. இடம் மாறிப்போன ஒரு மருத்துவமனை விட்டுச்சென்ற சிகிச்சைக் கருவிக்குள் இருந்த சுமார் 93 கிராம் சீசியம் குளோரைடு நான்கு பேரைக் கொன்றது. 249 பேர் மீது மாசு படிந்தது. துப்புரவு செய்தபோது சேர்ந்த கழிவு ஏறத்தாழ 3,500 கன மீட்டர்.

தப்பிய உலோகம் உருக்காலைக்குள் போய்விட்டால் பிறகு தேடிப் பிடிப்பது மிகவும் கடினம். 2008-இல் பிரான்சில் மின்தூக்கிகளுக்குப் பொத்தான் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர்கள் மீது கதிர்வீச்சு பட்டது தெரியவந்தது. கோபால்ட்-60 கலந்த எஃகு அந்தப் பொத்தான்களில் இருந்தது. எஃகு வந்தது இந்தியாவிலிருந்து. ஏதோ ஒரு மூலம் எங்கோ பழைய இரும்போடு உருகி, வார்ப்பாகி, கடல் கடந்து, சுமார் இருபது தொழிலாளர்களுக்குப் பொதுமக்களுக்கான ஆண்டு வரம்பைத் தாண்டிய அளவைத் தந்திருக்கிறது. அந்த மூலம் அணு உலையிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. உலோகத்தின் பாதை எப்படிப்பட்டது என்பதற்கே இந்த உதாரணம். இதனால்தான் பிரான்ஸ், அணு நிலையத்தின் கழிவுப் பகுதியிலிருந்து வரும் பொருள் எதுவானாலும், அளவையில் ஒன்றும் காட்டாவிட்டாலும்கூட, சாதாரண மறுசுழற்சிக்கு அனுப்புவதில்லை என்று நெடுங்காலம் பிடிவாதமாக இருந்தது. 2022-இல்தான் சில உலோகங்களுக்கு விதிவிலக்குக் கதவைக் கொஞ்சம் திறந்தது. மற்ற நாடுகள் பலவற்றின் வழி வேறு. ஒரு மனிதருக்கு ஆண்டுக்குச் சுமார் 10 மைக்ரோசீவர்ட்டுக்கு மேல் சேர்க்காத பொருளை வெளியே விடலாம் என்பது சர்வதேச அளவுகோல். இந்தியாவும் இதைத்தான் ஏற்கிறது. இயற்கையிலிருந்து நாம் வாங்கும் சராசரிக் கதிர்வீச்சில் இது இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அறிவியல் முறையில் இந்த அளவுகோலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த எண் பாதுகாப்பாக இருப்பது அளவை நேர்மையாக எடுக்கப்பட்டு, பதிவு பிழையின்றி இருக்கும்போதுதான். காயலான் கடைச் சங்கிலியில் ரசீதுகூடக் கிடைக்காத நம் நாட்டில், உலை உலோகத்தை அணுத் துறைக்குள்ளேயே மறுபயன்பாட்டுக்கு வைத்துக்கொள்ளும் பிரெஞ்சுப் பிடிவாதமே இன்னும் பல ஆண்டுகளுக்குப் பொருத்தமானது என்பது என் துணிபு.

சட்டம் என்ன சொல்கிறது? 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அணு மின் திட்டங்களையும் அணு எரிபொருள் பதப்படுத்துதலையும் முன்னனுமதி பெற வேண்டியவையாக வைக்கிறது. ஆய்வு உலைக்கு அந்தப் பட்டியலில் தனி இடமில்லை. மூடிக் கலைப்பதும் தனியொரு திட்டமாக எண்ணப்படவில்லை. விண்ணப்பதாரர் நிரப்பும் முதல் படிவத்தில், கலைக்கும் பணிகள் இருக்குமா, அப்போது சுற்றுச்சூழல் பாதிக்கப்படுமா என்று ஓரிரு வரிக் கேள்வி இருக்கிறது. நாற்பது ஆண்டு கழித்து நடக்கப்போகும் வேலைக்கு இன்று ஒரு கட்டத்தில் எழுதும் பதில்தான் நம் மதிப்பீடு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1998-இல் உலை கலைப்புக்கென்று கையேடு வெளியிட்டது. பதின்மூன்று ஆண்டு கடந்த பின்பும் நாட்டின் எந்த அணுமின் நிலையத்துக்கும் கலைப்புத் திட்டம் இல்லை என்று 2012-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை சுட்டிக்காட்டியது. முப்பது ஆண்டு ஓடியவற்றுக்கும் இல்லை, நின்றுபோனவற்றுக்கும் இல்லை. கலைப்புச் செலவுக்கு மின்சார யூனிட்டுக்கு இரண்டு பைசா பிடிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. மின்சாரமே விற்காத ஆய்வு உலைக்கு அந்த இரண்டு பைசாவும் கிடையாது. இதே நாட்டில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டுபவர், சுரங்கத்தை மூடும் திட்டத்தைக் காட்டி, அதற்கான பணத்தை ஆண்டுதோறும் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்று 2009 முதல் விதி இருக்கிறது. நிலக்கரிக் குழிக்கு இருக்கும் விதி அணு உலைக்கு இல்லாததை எந்தத் தர்க்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது, அளவைப் பற்றியது. முப்பது, நூறு கிலோவாட் உலைக்குப் போய் முழு அளவிலான மதிப்பீடு கேட்பது அதிகப்படி, அபாயம் மிகச் சிறியது என்கிறார்கள். அபாயம் சிறியது என்பதை மறுக்கவில்லை. நன்றாக நடத்தப்பட்ட ஆய்வு உலைக் கலைப்புகளால் அக்கம்பக்கத்து மக்களுக்குத் தீங்கு வந்ததாகப் பதிவில்லை என்பதே என் புரிதலும். ஆனால் அவை நன்றாக நடந்ததற்குக் காரணமே மதிப்பீடு கட்டாயமாக இருந்ததுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் அணு உலைகளைக் கலைப்பதையும் மதிப்பீட்டுக்கு உரியதாக வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, விலக்குக் கொடுப்பது ஒரு கிலோவாட்டுக்கு மேற்படாத ஆய்வு நிலையங்களுக்கு மட்டுமே. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் 100 கிலோவாட் உலை 2012-இல் நின்றபோது அதுவும் இந்த வகையான சட்டத்துக்குள்ளேயே வந்தது. காமினியின் 30 கிலோவாட் அந்த வரம்பைப்போல் முப்பது மடங்கு. மதிப்பீட்டின் கனம் உலையின் அளவுக்கு ஏற்பக் குறையலாம்; சிறிய உலைக்குச் சிறிய அறிக்கை போதும். அறிக்கையே வேண்டாம் என்பதற்கு அது காரணமாகாது.

இரண்டாவது வாதம் காத்திருப்பது. ஐம்பது ஆண்டு பூட்டி வைத்தால் கதிரியக்கம் தானே தணியும், தொழிலாளர் வாங்கும் அளவும் குறையும், இப்போது என்ன அவசரம் என்பது. கோபால்ட்-60 விஷயத்தில் இது உண்மை. ஐம்பது ஆண்டில் அது எழுநூறில் ஒரு பங்காகிவிடும். ஆனால் 13.5 ஆண்டு அரை ஆயுள் கொண்ட யூரோப்பியம்-152 அதே காலத்தில் பதின்மூன்றில் ஒரு பங்காகத்தான் குறையும். கிராஃபைட்டில் உள்ள கார்பன்-14 ஏறக்குறைய அப்படியே இருக்கும். மறுபக்கம், உலையை ஓட்டியவர்கள் ஓய்வு பெறுவார்கள், வரைபடங்கள் தொலையும், எந்தக் குழாய் எந்த ஆண்டு கசிந்தது என்று சொல்ல ஆள் இருக்காது. டெல்லியில் நடந்தது சரியாக இதுதான். பெரிய மின் உலைகளில் காத்திருப்பதற்கு நியாயம் இருக்கலாம். சிறிய ஆய்வு உலையில், தெரிந்தவர்கள் உயிரோடும் பணியிலும் இருக்கும்போதே கலைப்பதுதான் சரி. காத்திருக்க முடிவு செய்தாலும் அந்த முடிவும் மதிப்பீட்டில் காரணத்தோடு எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது, ரகசியமும் பீதியும். அணு விவகாரத்தைப் பொதுக் கூட்டத்தில் வைத்தால் மக்கள் பயப்படுவார்கள், எதிரிக்கும் தகவல் போகும் என்கிறார்கள். எரிபொருள் வெளியேறிய பிறகு மிஞ்சும் கான்கிரீட்டில் எவ்வளவு யூரோப்பியம் இருக்கிறது என்பதில் எந்தப் படை ரகசியமும் இல்லை. பயத்தைப் பொறுத்தவரை, கூடங்குளத்தைச் சுற்றி 2011-இல் எழுந்த போராட்டம் நமக்குக் காட்டியது என்ன? கேட்ட ஆவணங்கள் கிடைக்காததும், கிடைத்தவை புரியும் தமிழில் இல்லாததும் அவநம்பிக்கையை வளர்த்தன. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1988-இல் மூடிய தன் உலையின் கட்டடத்தை இடிக்க முனைந்தபோது, விவாதம் கதிர்வீச்சைச் சுற்றி நிற்காமல் கட்டடக்கலையின் பக்கம் போனது. வழிப்போக்கர்கள் உள்ளே பார்க்கும்படி கண்ணாடிச் சுவரோடு கட்டிய அந்தக் கட்டடத்தை வரலாற்றுச் சின்னமாகக் காக்க மாணவர்களும் கட்டடக் கலைஞர்களும் போராடினார்கள். 2016-இல் அது இடிக்கப்பட்டாலும், நகரத்தின் பாரம்பரியச் சட்டத்துக்குப் பல்கலைக்கழகமும் கட்டுப்பட்டதே என்று மாநில உச்ச நீதிமன்றம் அடுத்த ஆண்டு தீர்ப்பளித்தது. பழைய கட்டடங்களுக்காக வழக்காடிப் பழகிய புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியாது. தகவல் கையில் கிடைத்த மக்கள் உலைக் கட்டடத்தை வைத்துக்கொள்ளக்கூடக் கேட்டிருக்கிறார்கள்.

செலவு என்ற வாதத்தில் எனக்குக் கொஞ்சம் அனுதாபம் உண்டு, ஏனென்றால் நம் பல்கலைக்கழகங்கள் ஆய்வகத்துக்குக் கண்ணாடிக் குடுவை வாங்கவே திணறுகின்றன. மதிப்பீடும் கலைப்புச் செலவும் ஆராய்ச்சியை முடக்கிவிடும் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூடும் செலவு எப்படியும் வரும். முன்கூட்டி எடுத்து வைக்காவிட்டால் அதைக் கட்டுபவர் மாறுகிறார். மாயாபுரியில் அதைக் கட்டியவர் காயலான் கடைத் தொழிலாளி. அமெரிக்காவில் பல்கலைக்கழக உலையானாலும் கலைப்புப் பணத்துக்கு உத்தரவாதம் காட்டாமல் உரிமம் கிடையாது. அரசுப் பல்கலைக்கழகமானால் அரசின் எழுத்துப்பூர்வ உறுதி போதும். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1957 முதல் 2003 வரை நடத்திய உலையைக் கலைத்து முடித்து, அதே கட்டடத்தை 2017-இல் அணுப் பொறியியல் ஆய்வகமாகத் திறந்தது. ஒழுங்காக மூடியதால் அங்கே ஆராய்ச்சி தொடர்கிறது.

இந்தக் கேள்வி இப்போது தள்ளிப்போட முடியாததாகிவிட்டது. 1962-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ‘சாந்தி’ சட்டம் தனியாருக்கும் அணுத் துறையைத் திறக்கிறது, ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டத் தகுதியும் தருகிறது. வேலிக்கு வெளியே உலைகள் வரப்போகும் காலத்தில் விதிகளை இப்போதே எழுத வேண்டும். சுற்றுச்சூழல் அமைச்சகம் தன் அறிவிக்கையில் ஆய்வு உலைகளையும், எந்த உலையானாலும் கலைப்பதையும், பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். உரிமம் தரும் நாளிலேயே கலைப்புப் பணம் தனிக் கணக்கில் சேரத் தொடங்க வேண்டும். கலைப்பு அறிக்கை அந்தந்த மாநில மொழியில் வெளியாகி, கருத்துக்கேட்பு நடக்க வேண்டும். வெளியேறும் ஒவ்வொரு டன் உலோகத்துக்கும் சேருமிடம் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இவை டெல்லியில் உள்ள அமைச்சகமும் மும்பையில் உள்ள ஒழுங்குமுறை வாரியமும் செய்ய வேண்டியவை. பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் எடை மேடையில் ஏறும்போதே கதிர்வீச்சைக் காட்டிக்கொடுக்கும் கருவி ஒன்றைச் சேதராப்பட்டில் நிறுவவும், அதன் பதிவேட்டை வில்லியனூர் கொம்யூனும் வானூர் வட்ட நிர்வாகமும் சேர்ந்து பார்க்கவும் புதுச்சேரி அரசு யாருடைய சட்டத் திருத்தத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அதை இந்த ஆண்டே செய்ய வேண்டும்.